திருத்துவது கணினி, கேட்பது யார்?

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் அயர்ன்வுட் என்று ஓர் ஊர். 1930-களின் தொடக்கத்தில் அங்கே உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் கற்பித்தவர் ரெனால்ட் ஜான்சன். குவிந்து கிடக்கும் விடைத்தாள்களைத் திருத்தும் வேலையை ஒரு கருவியிடம் ஒப்படைக்க முடியுமா என்று அவர் யோசித்துக்கொண்டிருந்தார். வழிகாட்டியது சிறுவயதுக் குறும்பு ஒன்று. காரின் ஸ்பார்க் பிளக்கில் உள்ள பீங்கான் பகுதியின் மேல் பென்சிலால் ஒரு கோடு இழுத்துவிட்டால் வண்டி கிளம்பாது. பென்சிலில் இருக்கும் கிராஃபைட் மின்சாரத்தைக் கடத்தும். பொறியாக வெடிக்க வேண்டிய மின்சாரம் அந்தக் கோட்டின் வழியே கசிந்துவிடும். அப்படியானால், சரியான விடைக்குரிய இடத்தில் மாணவர் பென்சிலால் தீட்டியிருந்தால் அங்கே மின்சாரம் பாயும்; தீட்டாவிட்டால் பாயாது. பாய்ந்த மின்சாரத்தை மொத்தமாக அளந்தால் மதிப்பெண் கிடைத்துவிடும்.

1934-ல் ஐபிஎம் நிறுவனம் ஜான்சனை வேலைக்குச் சேர்த்துக்கொண்டது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் 'ஐபிஎம் 805' என்ற திருத்தும் இயந்திரம் சந்தைக்கு வந்தது. தாளைச் செருகியதும் மீட்டரின் முள் நகர்ந்து எங்கே நிற்கிறதோ, அதுவே மாணவரின் மதிப்பெண். இதே ஜான்சன்தான் 1956-ல் உலகின் முதல் ஹார்டு டிஸ்க்கை உருவாக்கிய குழுவுக்கும் தலைமை தாங்கியவர்.

இன்று நாம் மின்னணு மதிப்பீடு என்று சொல்வதன் பலமும் பலவீனமும் அந்த முள்ளிலேயே இருந்தன. முள்ளுக்குக் களைப்பு இல்லை, கோபம் இல்லை, கையெழுத்தைப் பார்த்து வரும் விருப்பு வெறுப்பு இல்லை. ஆனால் மாணவர் ஏன் அந்த விடையைத் தீட்டினார் என்பதும் அதற்குத் தெரியாது. அதைவிட முக்கியமான ஒன்று, இயந்திரத்துக்கு எது திருத்த எளிதோ அதையே மனிதர்கள் கேட்கத் தொடங்கிவிடுகிறார்கள். மின்னணு மதிப்பீட்டைப் பற்றிய விவாதத்தில் நாம் கண் வைக்க வேண்டிய இடம் இதுதான்.

கணினி நன்றாகச் செய்யும் வேலை

மின்னணு மதிப்பீடு ஒரே காரியம் அல்ல. மாணவர் தீட்டிய வட்டங்களை ஒளியின் உதவியால் படிக்கும் ஓஎம்ஆர் முறை ஒன்று. மாணவர் தாளில் எழுதியதை ஸ்கேன் செய்து ஆசிரியர் திரையில் பார்த்துத் திருத்துவது இன்னொன்று. கேள்வியும் பதிலும் திரையிலேயே நடக்கும் கணினிவழித் தேர்வு மூன்றாவது. எழுதிய கட்டுரையைக் கணினியே படித்து மதிப்பெண் போடுவது நான்காவது. ஒன்றுக்குப் பொருந்தும் புகழும் பழியும் மற்றதற்குப் பொருந்த வேண்டியதில்லை.

பிளஸ் டூ முடிவு வந்ததும் விடைத்தாள் நகலுக்கும் மறுகூட்டலுக்கும் விண்ணப்பிக்கும் மாணவர்களைத் தமிழ்நாட்டில் ஆண்டுதோறும் பார்க்கிறோம். கூட்டலில் ஒரு பிழை, ஒட்டிக்கொண்ட இரண்டு பக்கங்களைச் சேர்த்துப் புரட்டிவிட்டதால் திருத்தப்படாமல் போன விடை, உள்ளே போட்ட மதிப்பெண்ணை முகப்புக்கு மாற்றி எழுதும்போது நேர்ந்த தவறு: இவையெல்லாம் களைத்துப்போன மனிதர்கள் செய்யக்கூடியவை. திரைவழித் திருத்தத்தில் கூட்டலைக் கணினி பார்த்துக்கொள்கிறது. ஒரு கேள்விக்கு மதிப்பெண் போடாமல் விட்டால் அடுத்த விடைத்தாளுக்குப் போக விடாதபடி மென்பொருளை அமைக்கலாம். மூத்த தேர்வாளர்கள் முன்கூட்டியே மதிப்பெண் முடிவுசெய்த விடைகளைச் சொல்லாமல் இடையிடையே கலந்து வைக்கும் வழக்கமும் உண்டு. அந்த விடைக்குத் திருத்துபவர் போடும் மதிப்பெண் பெரிதும் விலகினால், அவருடைய திருத்தத்தை அங்கேயே நிறுத்திச் சரிபார்க்கலாம். காகிதக் கட்டுகளை வைத்துக்கொண்டு இதைச் செய்வது மிகக் கடினம்.

அடுத்த நன்மை வெளியே அதிகம் தெரியாதது. கணினிவழித் தேர்வு மாணவரை அளக்கும்போது கேள்வியையும் அளக்கிறது. ஒரு கேள்விக்கு எத்தனை பேர் சரியாக விடையளித்தார்கள், மொத்தத்தில் நல்ல மதிப்பெண் பெற்றவர்கள் அதை எப்படி எதிர்கொண்டார்கள், எந்தத் தவறான விடை அதிகம் பேரை இழுத்தது, எவ்வளவு நேரம் பிடித்தது என்பதெல்லாம் பதிவாகிவிடும். நன்றாகப் படித்தவர்கள் தவறவிட்டு, படிக்காதவர்கள் சரியாகச் சொன்ன கேள்வி ஒன்று இருந்தால், பிழை பெரும்பாலும் கேள்வியில்தான் இருக்கும்.

இந்த அளவையிலிருந்து பிறந்ததுதான் தகவமைத் தேர்வு. 1960-ல் டென்மார்க்கின் கணிதவியலர் கியோர்க் ராஷ் ஒரு மாதிரியை வெளியிட்டார். மாணவரின் திறனையும் கேள்வியின் கடினத்தையும் ஒரே அளவுகோலில் வைத்தார் அவர். இரண்டும் சமமாக இருந்தால் விடை சரியாக அமையும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. அந்தக் கேள்விதான் மாணவரைப் பற்றி அதிகம் சொல்லும். வாய்ப்பையும் அதன் எதிர்வாய்ப்பையும் பெருக்கினால் ஒரு கேள்வி தரும் தகவலின் அளவு கிடைக்கும். பாதிக்குப் பாதி என்றால் 0.25. பத்தில் ஒன்பது முறை சரியாகிவிடும் எளிய கேள்வி என்றால் 0.09 மட்டுமே. ஆகவே சரியாகச் சொன்னவருக்குச் சற்றுக் கடினமான கேள்வி, தவறாகச் சொன்னவருக்குச் சற்று எளிய கேள்வி என்று கணினி கொடுத்துக்கொண்டே போனால், குறைந்த கேள்விகளிலேயே திறனை நெருங்கிவிடலாம். அமெரிக்கப் பல்கலைக்கழக மேற்படிப்புச் சேர்க்கைக்கான ஜிஆர்இ தேர்வு 1993-ல் இந்த முறையைக் கொண்டுவந்தது. ஆனால் கேள்விக்குக் கேள்வி மாறும் தேர்வில் விட்டுவிட்டுப் போய்த் திரும்பி வர முடியாது. முந்தைய விடையை மாற்றவும் முடியாது. 2011-ல் ஜிஆர்இ பகுதிக்குப் பகுதி மாறும் வடிவத்துக்குத் தாவியபோதுதான், ஒரு பகுதிக்குள்ளாவது முன்னும் பின்னும் போய்வரும் உரிமை தேர்வர்களுக்குக் கிடைத்தது.

பார்வையற்ற மாணவர்களுக்கு மின்னணுத் தேர்வு தருவது தன்னுரிமை. தான் சொல்வதை இன்னொருவர் எழுத, அவர் சரியாக எழுதினாரா என்று தெரியாமலேயே தாளைக் கொடுத்துவிட்டு வரும் நிலை அவர்களுடையது. திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் மென்பொருள் இருந்தால், கேள்வியை வேண்டிய முறை கேட்டு, விடையைத் தானே தட்டச்சு செய்யலாம். என்விடிஏ போன்ற இலவச மென்பொருள்கள் தமிழையும் வாசிக்கின்றன. வரைபடங்களுக்கும் கணிதக் குறியீடுகளுக்கும் சொல்வடிவ விளக்கத்தைத் தேர்வை வடிவமைப்பவர்கள் சேர்த்திருந்தால்தான் இது பயன்படும். அதைக் கடைசி நேரத்தில் ஒட்டவைக்க முடியாது.

கேள்வி கேட்டால் நினைவு வளரும்

மேலே சொன்னவை பெருந்தேர்வுகளுக்கான நன்மைகள். வகுப்பறைக்குள் கிடைக்கும் நன்மை இவற்றைவிடப் பெரிது என்பது என் எண்ணம்.

2006-ல் அமெரிக்க உளவியலர்கள் ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்ப்பிக்கி இருவரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மாணவர்களுக்கு ஒரு பத்தியைப் படிக்கக் கொடுத்தார்கள். ஒரு பிரிவினர் அதை இரண்டாம் முறை படித்தார்கள். இன்னொரு பிரிவினர் இரண்டாம் முறை படிக்காமல், நினைவில் இருந்ததை எழுதிப் பார்த்தார்கள். 5 நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பப் படித்தவர்கள் 81 விழுக்காடும் எழுதிப் பார்த்தவர்கள் 75 விழுக்காடும் நினைவில் வைத்திருந்தார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நிலைமை தலைகீழானது. திரும்பப் படித்தவர்களுக்கு 42, எழுதிப் பார்த்தவர்களுக்கு 56.

தேர்வு என்பது கற்றலை அளப்பது மட்டுமல்ல, கற்றலை உண்டாக்குவதும்கூட என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. ஆனால் 40 மாணவர்கள் உள்ள வகுப்பில் அன்றாடம் சிறுதேர்வு வைத்து, அன்றே திருத்தித் தருவது எந்த ஆசிரியராலும் முடியாத காரியம். இங்கேதான் கணினி கைகொடுக்கிறது. பாடம் முடிந்ததும் ஐந்து கேள்விகள். விடையளித்த உடனே சரியா தவறா என்ற தகவல். தவறு என்றால் எங்கே சறுக்கியது என்று ஒரு வரி விளக்கம். பின்னத்தைக் கூட்டும்போது மேல் எண்ணை மேல் எண்ணோடும் கீழ் எண்ணைக் கீழ் எண்ணோடும் கூட்டிவிடும் பிழையைத் தவறான விடைகளில் ஒன்றாக வைத்திருந்தால், வகுப்பில் யார் யார் அந்தக் குழப்பத்தில் இருக்கிறார்கள் என்று ஆசிரியருக்கு அந்த நிமிடமே தெரிந்துவிடும். மறுநாள் பாடத்தை அங்கிருந்து தொடங்கலாம். இந்தத் தேர்வின் மதிப்பெண் எந்தப் பதிவேட்டிலும் ஏறக் கூடாது. ஏறினால் மாணவர் தவறு செய்ய அஞ்சுவார். அஞ்சினால் தவறை மறைப்பார்.

பல ஷிஃப்ட், ஒரே தரவரிசை

லட்சக்கணக்கானோர் எழுதும் கணினிவழித் தேர்வை ஒரே நேரத்தில் நடத்த அத்தனை கணினிகள் கிடைக்காது. பல நாள், பல ஷிஃப்ட் என்று பிரித்தாக வேண்டும். ஒவ்வொரு ஷிஃப்ட்டுக்கும் வேறு வினாத்தாள். காலையில் எழுதியவருக்குத் தாள் கடினம், மாலையில் எழுதியவருக்கு எளிது என்றால் இருவரையும் எப்படி ஒப்பிடுவது?

ஜேஇஇ மெயின் தேர்வின் பொறியியல் தாள் 2019 முதல் முழுவதும் கணினிவழியாக நடக்கிறது. தேசியத் தேர்வு முகமை இதற்குச் சதமானத்தைப் பயன்படுத்துகிறது. ஒரு ஷிஃப்ட்டில் 1 லட்சம் பேர் எழுதி, ஒருவர் பெற்ற மதிப்பெண்ணையோ அதற்குக் குறைவாகவோ 98,000 பேர் பெற்றிருந்தால் அவருடைய சதமானம் 98. சமநிலைகளைக் குறைப்பதற்காக இதைத் தசமப் புள்ளிக்குப் பின் 7 இலக்கம்வரை கணக்கிடுகிறார்கள். இன்னொரு ஷிஃப்ட்டில் மிகக் குறைந்த மதிப்பெண்ணுக்கே 98 சதமானம் கிடைக்கலாம். இருவரும் சமம் என்று கொள்ளப்படும்.

இந்தக் கணக்கு நியாயமாக இருப்பது ஒரு நிபந்தனையின் பேரில்தான். ஒவ்வொரு ஷிஃப்ட்டிலும் உட்கார்ந்திருப்பவர்களின் திறன் ஒட்டுமொத்தமாக ஒரே மாதிரி பரவியிருக்க வேண்டும். தேர்வர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, எண்ணிக்கையும் பெரிதாக இருந்தால் அது பெரும்பாலும் நிறைவேறும். எண்ணிக்கை சிறுத்தாலோ, பிரிப்பு குலுக்கலாக இல்லாவிட்டாலோ 7 இலக்கத் துல்லியம் வெறும் தோற்றமாகிவிடும்.

இதைவிட உறுதியான வழி, சில பொதுக் கேள்விகளை எல்லாத் தாள்களிலும் கலந்து வைத்து, அவற்றின் வழியே தாள்களின் கடினத்தை ஒப்பிடுவது. அதற்கு முன்சோதனை செய்த வினா வங்கி வேண்டும். அந்தக் கேள்விகள் வெளியே வராமல் காக்கப்பட வேண்டும். இந்தியாவிலோ தேர்வு முடிந்ததும் கேள்விகளையும் விடைக்குறிப்பையும் வெளியிட்டு, தவறு என்றால் கட்டணம் கட்டி ஆட்சேபிக்கும் உரிமை தருகிறோம். அந்த வெளிப்படைத்தன்மை நமக்குத் தேவை. அதற்குக் கொடுக்கும் விலை, ஒரு கேள்வியை இரண்டாம் முறை பயன்படுத்த முடியாமல் போவது. எதைப் பெற எதை விடுகிறோம் என்பது தேர்வர்களுக்கும் பெற்றோருக்கும் விளங்கும்படி பேசப்பட வேண்டும்.

வட்டத்துக்குள் அடங்காத விடை

கொள்குறி வினாக்களைச் சிலர் ஒரேயடியாகத் தள்ளிவிடுகிறார்கள். அது சரியல்ல. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது சோற்றுக்குப் பொருந்தும், பாடத்துக்குப் பொருந்தாது. ஒளியியலை நன்கு அறிந்தவருக்கு வெப்பவியல் தெரியாமல் இருக்கலாம். பத்து நெடுவினாக்கள் தொட முடியாத அத்தனை பாடங்களையும் 180 சிறு வினாக்கள் தொட்டுவிடும்.

ஆனால் எல்லையும் தெளிவானது. நீட் தேர்வில் சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறுக்கு 1 குறைப்பு. நான்கு விடைகளில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு தீட்டினால், சராசரியாக ஒரு கேள்விக்குக் கால் மதிப்பெண் சேரும். 180 கேள்விகளையும் அப்படியே தீட்டினால் 720-க்கு 45 எதிர்பார்க்கலாம். ஊகத்தை அடக்கப் போட்ட அபராதம் அதை முழுவதும் அடக்கவில்லை. ஜேஇஇ மெயினில் விடை எண்ணைத் தானே உள்ளிடும் கேள்விகளைச் சேர்த்தது இந்தக் குறையைத் தணிக்கும் முயற்சி.

2024 நீட் தேர்வின் இயற்பியல் பகுதியில் வந்த ஒரு கேள்வி இன்னும் ஆழமான குறையைக் காட்டியது. எல்லாத் தனிமங்களின் அணுக்களும் நிலையானவை என்று பொருள்படும் ஒரு கூற்று. அது சரியா தவறா என்று சொல்ல வேண்டும். என்சிஇஆர்டி பாடநூலின் பழைய பதிப்பைப் படித்தவர்களுக்கு அது சரி. கதிரியக்கத் தனிமங்களின் அணுக்கள் சிதைவதால் அறிவியல்படி அது தவறு. முகமை இரண்டு விடைகளுக்கும் மதிப்பெண் கொடுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய், டெல்லி ஐஐடியின் வல்லுநர்கள் ஒரே விடைதான் சரி என்று சொல்ல, தரவரிசையே மாறியது. இந்தக் கேள்விக்கு எழுதி விடையளிக்கச் சொல்லியிருந்தால், 'பெரும்பாலானவை நிலையானவை, யுரேனியம் போன்றவை அல்ல' என்று நல்ல மாணவர் ஒரே வரியில் முடித்திருப்பார். அந்த வரிக்கு வட்டத்துக்குள் இடமில்லை.

அப்படியானால் கணினியே கட்டுரையையும் திருத்தட்டுமே என்ற யோசனை பழையது. 1966-லேயே அமெரிக்காவின் எல்லிஸ் பேஜ் அதற்கான திட்டத்தை முன்வைத்தார். கட்டுரையின் நீளம், சொற்களின் நீளம், நிறுத்தற்குறிகள் போன்ற வெளி அடையாளங்களை எண்ணி, மனிதர் போடக்கூடிய மதிப்பெண்ணைக் கணினி ஊகிக்கும். மனிதர் மதிப்பெண்ணோடு அது நன்றாகவே ஒத்துப்போனது. நன்றாக எழுதுபவர்கள் பொதுவாக நீளமாகவும் எழுதுகிறார்கள். ஆனால் இரண்டும் சேர்ந்து காணப்படுவதால் ஒன்று மற்றதாகிவிடாது. 2014-ல் எம்ஐடியின் லெஸ் பெரல்மன் மாணவர்களோடு சேர்ந்து ஒரு மென்பொருளை உருவாக்கினார். சில சொற்களைக் கொடுத்தால், இலக்கணம் பிசகாமல், அருஞ்சொற்கள் நிறைந்த, பொருளே இல்லாத கட்டுரையை அது எழுதித் தரும். தானியங்கித் திருத்த மென்பொருள்கள் அதற்கு உயர்ந்த மதிப்பெண் போட்டன.

இன்றைய செயற்கை நுண்ணறிவு மொழி மாதிரிகள் அந்தப் பழைய எண்ணும் கருவிகளைவிட வெகுதூரம் வந்துவிட்டன. வரைவைப் படித்து, வாதம் எங்கே தொய்கிறது என்று அவை சுட்டிக்காட்ட முடியும். அந்த உதவியை மாணவர் தாராளமாகப் பெறலாம். ஆனால் ஒரே கட்டுரைக்கு அவை இருமுறை இரு மதிப்பெண் சொல்வதுண்டு. தமிழில் நிலைமை இன்னும் கடினம். ஒரு வேர்ச்சொல்லோடு காலமும் இடமும் வேற்றுமையும் அடுக்கடுக்காகச் சேரும் மொழி இது. தேர்ந்த ஆசிரியர்கள் திருத்திய தமிழ்க் கட்டுரைத் தொகுப்புகளோ மிகக் குறைவு. ஒரு பிள்ளையின் கல்லூரி இடத்தைத் தீர்மானிக்கும் மதிப்பெண்ணை இப்போதைக்கு இவற்றிடம் விடக் கூடாது.

திரையும் தாளும் ஒன்றல்ல

அதே கேள்வியைத் தாளில் கேட்டாலும் திரையில் கேட்டாலும் அதே விடைதான் வரும் என்று நினைப்பது இயல்பு. ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. 2015, 2016-ல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் சில பள்ளி மாவட்டங்கள் ஒரே தேர்வைத் தாளிலும் சில கணினியிலும் நடத்தின. முதல் ஆண்டில் கணினியில் எழுதியவர்களின் மதிப்பெண் குறைந்தது. சரிவு கணிதத்தில் திட்ட விலக்கத்தில் சுமார் பத்தில் ஒரு பங்கு. ஆங்கிலத்தில் கால் பங்கு. இரண்டாம் ஆண்டில் இடைவெளி சுருங்கியது, ஆனால் மறையவில்லை. பழகினால் குறையும் பாதிப்பு என்றால், பழகாதவர்தான் அதிகம் இழப்பார். வீட்டில் கணினி இல்லாத பிள்ளை முதல்முறையாக மவுஸைத் தேர்வறையில் பிடிக்கும்போது, அந்தத் தேர்வு அளப்பது இயற்பியலை மட்டுமல்ல.

படிப்பதிலும் வேறுபாடு உண்டு. 2018-ல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, 1,70,000-க்கும் மேற்பட்டோர் பங்கேற்ற 54 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தது. தகவல் சார்ந்த பத்திகளைத் தாளில் படித்தவர்கள் திரையில் படித்தவர்களைவிட நன்றாகப் புரிந்துகொண்டார்கள். நேரக் கட்டுப்பாடு இருந்தபோது வேறுபாடு கூடியது. தேர்வறையில் நேரக் கட்டுப்பாடு எப்போதும் உண்டு.

தமிழில் எழுத வேண்டிய தேர்வுக்கு இன்னொரு தடையும் சேர்கிறது. தமிழ்நாடு அரசு 1999-லேயே 'தமிழ் 99' விசைப்பலகையை ஏற்றுக்கொண்டது. ஆனால் அதில் பத்து விரல்களாலும் தட்டச்சு செய்யப் பயின்ற பள்ளி மாணவர் எத்தனை பேர்? கைப்பேசியில் ஆங்கில எழுத்தால் தமிழை உள்ளிட்டே பழகிய கைகள் அவை. தட்டச்சைப் பாடமாகக் கற்றுத் தராமல் தமிழ்க் கட்டுரையைக் கணினியில் எழுதச் சொன்னால், நாம் அளப்பது விரல்களின் வேகத்தை.

பிழையின் வேகமும் கூடும்

2017-ல் மும்பைப் பல்கலைக்கழகம் போதிய ஒத்திகை இல்லாமல் திரைவழித் திருத்தத்துக்கு மாறியது. சுமார் 17 லட்சம் விடைத்தாள்களை ஸ்கேன் செய்து, பழக்கமில்லாத ஆசிரியர்களிடம் கொடுத்தார்கள். முடிவுகள் மாதக்கணக்கில் தள்ளிப்போயின. மேற்படிப்பில் சேர வேண்டியவர்கள் மதிப்பெண் பட்டியலுக்காகக் காத்துக் கிடந்தார்கள். அந்த ஆண்டு அக்டோபரில் துணைவேந்தரை ஆளுநர் பதவி நீக்கம் செய்தார். விரைவுக்காகக் கொண்டுவந்த முறை, பழைய முறையைவிடப் பல மடங்கு தாமதத்தைத் தந்தது.

2019 ஏப்ரலில் தெலங்கானாவின் இன்டர்மீடியட் தேர்வு முடிவுகளில் பெருங்குழப்பம். தெலுங்குத் தாளில் 99 பெற்ற மாணவி ஒருவருக்கு முடிவில் 0 என்று வந்தது. திருத்தியவர் ஓஎம்ஆர் தாளில் வட்டத்தைத் தவறாகத் தீட்டியிருந்தார். எத்தனையோ கைகளைத் தாண்டிய பிறகும் யாரும் அதைத் தடுத்து நிறுத்தவில்லை. மற்றப் பாடங்களில் உயர்ந்த மதிப்பெண் பெற்றவருக்கு ஒன்றில் மட்டும் 0 வந்தால் மனிதர் ஒருவர் மறுபடி பார்க்க வேண்டும் என்ற எளிய விதி இருந்திருந்தால் போதும். அந்த முடிவுகளை அடுத்துப் பல மாணவர்களின் உயிர் பறிபோனது. தேர்வு முறையில் சரிபார்ப்பு என்பது நிர்வாக வசதி அல்ல, மாணவரைக் காக்கும் அரண் என்பதை அந்தத் துயரம் சொல்கிறது.

பாதுகாப்பின் கதையும் இருமுகம் கொண்டது. காகித வினாத்தாள் அச்சகத்திலிருந்து கட்டுக்காப்பு மையத்துக்கும் அங்கிருந்து தேர்வறைக்கும் போகும் வழியெல்லாம் கசியலாம். 2024 நீட் தேர்வில் ஒரு மையத்தின் பெட்டியிலிருந்தே தாள் எடுக்கப்பட்டதாக சிபிஐ கூறியது. கணினிவழித் தேர்வில் அந்த நீண்ட பயணம் இல்லை. ஆனால் 2021 ஜேஇஇ மெயின் தேர்வில், ஹரியானாவின் சோனிபத்தில் ஒரு மையத்தின் கணினிகளை வெளியிலிருந்து இயக்கி விடையளித்ததாகவும் சிபிஐ வழக்குப் பதிந்தது. காவல் தேவைப்படும் இடம் மாறியிருக்கிறதே தவிர, காவலின் தேவை குறையவில்லை.

வீட்டிலிருந்தே எழுதும் தேர்வைக் கேமரா வழியே கண்காணிப்பது கொரோனாக் காலத்தில் உலகெங்கும் பரவியது. அமெரிக்காவின் ஒஹாயோவில், தேர்வுக்கு முன் மாணவரின் படுக்கையறையைக் கேமராவால் சுற்றிக் காட்டச் சொன்னது அரசியல் சட்டத்துக்கு முரண் என்று 2022-ல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முகத்தைப் பார்த்து முடிவெடுக்கும் மென்பொருள்களிலும் பாகுபாடு உண்டு. முகத்தை வைத்துப் பாலினத்தைக் கணிக்கும் மென்பொருள்களை 2018-ல் ஆராய்ந்தபோது, வெளிர்நிற ஆண்களிடம் 0.8 விழுக்காடுவரை மட்டுமே இருந்த பிழை, கருநிறப் பெண்களிடம் 34.7 விழுக்காடுவரை போனது. இத்தகைய கருவியை நம் பிள்ளைகள்மீது காவல் வைக்கும் முன் யாருடைய முகங்களை வைத்து அது சோதிக்கப்பட்டது என்று கேட்டாக வேண்டும்.

பின்லாந்து செய்த மாற்றம்

இத்தனை இடர்களையும் எதிர்பார்த்து மாறிய நாடு ஒன்று உண்டு. பின்லாந்தின் மேல்நிலைப் பள்ளி இறுதித் தேர்வு 1852-ல் தொடங்கியது. அதைக் கணினிக்கு மாற்ற முடிவெடுத்தபோது அவர்கள் ஒரே நாளில் குதிக்கவில்லை. 2016 இலையுதிர் காலத்தில் ஜெர்மன், புவியியல், தத்துவம் ஆகிய மூன்று பாடங்கள் மட்டும் மாறின. கடைசியாகக் கணிதம் 2019 வசந்தத்தில் வந்து சேர்ந்தது. தேர்வு மென்பொருளின் பயிற்சிப் பதிப்பை முன்கூட்டியே இலவசமாகக் கொடுத்து, வகுப்புத் தேர்வுகளையே அதில் நடத்தப் பழக்கினார்கள்.

மாணவர்கள் தங்கள் சொந்த மடிக்கணினியைக் கொண்டுவந்தார்கள். பள்ளி கொடுத்த பென் டிரைவைச் செருகி அதிலிருந்து கணினியை இயக்கியபோது, அவரவர் கோப்புகள் எதையும் திறக்க முடியவில்லை, இணையமும் கிடைக்கவில்லை. தேர்வறைக்குள் மட்டும் இயங்கும் வலையமைப்பு, அங்கேயே ஒரு சர்வர். நாட்டின் இணையம் மொத்தமாக முடங்கினாலும் எழுதிக்கொண்டிருப்பவரின் தேர்வு நிற்காது.

தொழில்நுட்பத்தைவிட முக்கியம், அவர்கள் கேள்வியை மாற்றியது. தேர்வை வட்டங்களாகச் சுருக்கவில்லை. காணொளி, வரைபடம், புள்ளிவிவர அட்டவணை ஆகியவற்றைக் கொடுத்து, அவற்றைப் பயன்படுத்தி விரிவாக எழுதச் சொன்னார்கள். ஒரு தேர்வுக்கு 6 மணி நேரம். விடைகளை முதலில் மாணவரின் ஆசிரியர் திருத்துகிறார். பிறகு தேர்வு வாரியத்தின் தேர்வாளர் திருத்துகிறார். கணினி அந்த விடையைச் சுமந்து செல்கிறது, அடுக்கி வைக்கிறது, கூட்டுகிறது. மதிப்பிடுவது மனிதர். கணிதச் சமன்பாட்டைத் தட்டச்சு செய்வது சிந்தனையைத் தடுக்கிறதா என்ற விவாதம் அங்கேயும் நடந்தது. கணிதத்தைக் கடைசியாகக் கொண்டுவந்ததற்குப் பொருள் இருக்கிறது.

பின்லாந்து சிறிய நாடு. அதன் முறையை அப்படியே இங்கே பெயர்த்து நட முடியாது. ஆனால் அதன் வரிசையைப் பின்பற்றலாம். மாணவரிடம் எதைக் காண விரும்புகிறோம் என்பது முதலில். அதற்கு எந்தக் கேள்வி பொருந்தும் என்பது இரண்டாவது. எந்தக் கருவி என்பது மூன்றாவது. நம் நாட்டிலேயே இதற்கு ஒரு நல்ல சான்று உண்டு. ஜேஇஇ மெயினில் கட்டடக்கலைப் படிப்புக்கான தாளில் மற்றப் பகுதிகள் கணினியில் நடக்க, வரைதிறன் பகுதியை மட்டும் காகிதத்தில் பென்சிலால் வரையச் சொல்கிறார்கள். வரையத் தெரியுமா என்று பார்க்க வரையச் சொல்வதுதான் வழி என்று அங்கே முடிவெடுத்தவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

அந்தத் தெளிவு எல்லாப் பாடங்களுக்கும் வர வேண்டும். வேதியியல் தெரியுமா என்று பார்க்க ஆய்வகத்தில் ஒரு கரைசலைத் தர வேண்டும். தமிழ் தெரியுமா என்று பார்க்க எழுதவும் பேசவும் விட வேண்டும். சூத்திரம் நினைவிருக்கிறதா என்று பார்க்க மட்டும் ஐந்து கொள்குறி வினாக்கள் போதும். அதை இன்றே கணினியிடம் கொடுத்துவிடலாம். அப்படி மிச்சமாகும் ஆசிரியரின் நேரம் புள்ளிவிவரப் படிவங்களை நிரப்புவதற்குப் போகாமல், மாணவர் எழுதிய நீண்ட விடையைப் படிப்பதற்குப் போக வேண்டும். ஒவ்வொரு மாணவருக்கும் தன் விடையைத் திரும்பப் பார்க்கவும், இயந்திரம் சொன்னதை மனிதர் ஒருவரிடம் முறையிடவும் உரிமை வேண்டும். புதிய முறையை அறிவிக்கும் ஒவ்வொரு கல்வித் துறையிடமும் பெற்றோரும் ஆசிரியரும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, எத்தனை கணினிகள் வாங்கினீர்கள் என்பதல்ல. நேற்றுவரை கேட்க முடியாத எந்த நல்ல கேள்வியை இனி எங்கள் பிள்ளைகளிடம் கேட்கப்போகிறீர்கள் என்பதுதான். அதற்குப் பதில் இருந்தால் அந்த மாற்றத்தை வரவேற்போம்.